கோபால்ட்டைக் கடந்த மின்னோட்டம்

ரஹீமின் சில்லை எரித்தது நான்தான். கை தவறி அல்ல. கருவி பழுதாகி அல்ல. தெரிந்தே குமிழைத் திருகி எரித்தேன். எரித்துவிட்டு அவனிடம், “அது வெறும் ஷார்ட், தம்பி” என்று சொன்னேன். அவன் நம்பினான்.

சொல்லிவிட்டேன்! இத்தனை காலம் தொண்டையில் கிடந்து உறுத்தியது, எழுதிப் பார்த்தால் ஒரு பத்திகூடத் தேறவில்லை...

உங்களுக்கு என்னைத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. தெரிந்தவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். “விடுங்க, எந்தக் காலத்துக் கதை” என்றார்கள். உங்களிடம் நான் அந்தச் சலுகையைக் கேட்கவில்லை.

என் பெயர் பத்மாவதி. பீளமேட்டில் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆசிரியை. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் நாங்கள். தாத்தா பருத்தி விதைத்தார், அப்பா அந்தப் பருத்தியை நூலாக்கும் மில்லில் பங்குதாரரானார், நான் வளர்ந்து ஆளானபோது அந்த மில்லின் சங்கு ஊதுவது நின்றுபோயிருந்தது. கணவருக்குப் பம்புசெட் உதிரிபாகம் வார்க்கும் பட்டறை. நான் படிப்பதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் ஒரே கேள்வி... “பத்மா, இன்னும் அந்த டாக்டர் பட்டம் முடியலையா?”

முடியவில்லை. எப்படி முடியும்? வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேர ஆராய்ச்சி. பம்பு ஓடினால் மின்சாரம் போகும். மின்சாரம் வந்தால் வெற்றிட அறையில் காற்றுக் கசியும். கசிவை அடைத்தால் ஹீலியம் வராது. திரவ ஹீலியம் பெங்களூரிலிருந்து வேனில் வர வேண்டும். அதுவும் எங்கள் முறை வருவதற்குள் மாதங்கள் போய்விடும். பீப்பாய் உயரத்துக்கு ஒரு குடுவை. அதற்குள் இருப்பது இந்த உலகத்திலேயே மிகக் குளிர்ந்த திரவம். வேன் குலுங்கக் குலுங்க அது ஆவியாகிக்கொண்டே வரும். திம்பம் மலைப்பாதையில் லாரி மறித்து வேன் அரைநாள் நின்றது என்றால், எங்களுக்கு வந்து சேர்வது காலிக் குடுவைதான். காலிக் குடுவையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றே என் முப்பதுகள் கழிந்தன!

நான் என்ன ஆராய்ந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் செய்ததன் கனம் உங்களுக்குத் தெரியாது.

சில உலோகங்களைக் கடுமையாகக் குளிர்வித்தால் அவற்றில் மின்னோட்டம் தடையே இல்லாமல் ஓடும். மீக்கடத்தி என்கிறோம். அப்போது எலெக்ட்ரான்கள் தனித்தனியாக ஓடுவதில்லை, இரண்டிரண்டாகச் சேர்ந்து ஓடும். ஒவ்வொரு எலெக்ட்ரானுக்கும் ஸ்பின் என்று ஒன்று உண்டு. மேல் நோக்கியோ கீழ் நோக்கியோ இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இணையில் ஒன்று மேல் நோக்கி இருந்தால் மற்றொன்று கீழ் நோக்கி இருக்கும். காந்தத்துக்கு இது ஆகாது. எல்லா ஸ்பின்னும் ஒரே பக்கம் திரும்ப வேண்டும் என்பது அதன் பிடிவாதம். ஆகவே இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவில் ஒரு காந்தப் படலத்தை வைத்தால் அந்த இணைகள் அதற்குள் நுழைந்த உடனே பிய்ந்துவிடும். கோபால்ட் போன்ற வலுவான காந்தமாக இருந்தால் சில அணு அடுக்குகள் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துபோகும்.

முடிந்துபோகிறது என்பதைத்தான் நான் அளந்தேன். விரல்நகம் அளவுச் சில்லின் மேல் நயோபியம் என்ற மீக்கடத்தி, அதன் மேல் கோபால்ட், மறுபடி நயோபியம். கோபால்ட்டின் தடிமன் கூடக்கூட மின்னோட்டம் எவ்வளவு விரைவாகச் சாகிறது என்று பார்த்தேன். ஆய்வேடு முழுக்க அந்தச் சாவுதான். புள்ளிகள் எல்லாம் கோட்பாட்டின் கோட்டின் மேல் அழகாக உட்கார்ந்தன. தட்டச்சும் முடிந்துவிட்டது. பேராசிரியரின் கையெழுத்து மட்டும் பாக்கி.

அந்தச் சமயத்தில்தான் ரஹீம்!

ரஹீம் என்னைவிட ஆறேழு வயது இளையவன். கோட்டைமேட்டுக்காரன். அவன் அப்பாவுக்கு டவுன்ஹால் பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை. முழுநேர ஆராய்ச்சி மாணவனாக வந்து சேர்ந்த முதல் நாளே என்னை ‘பத்மாக்கா’ என்று கூப்பிட்டான். மேடம் என்று கூப்பிடச் சொல்லிப் பேராசிரியர் இரண்டு முறை திருத்தினார். அவன் திருந்தவில்லை. எனக்கும் பிடித்திருந்தது.

அவன் கை நல்ல கை. படலம் படியவைப்பதில் எனக்கு வராத ஒரு நிதானம் அவனுக்கு வரும். நயோபியத்தின் மேல் கோபால்ட் சரியாக ஒட்டாமல் உரிந்து வருகிறது என்று அவன் ஒரு வழி செய்தான். கோபால்ட்டின் இரண்டு பக்கமும் மெல்லிய நிக்கல் படலம். நிக்கலுக்கும் கோபால்ட்டுக்கும் நடுவில் கொஞ்சம் செம்பு. ஒட்டுவதற்காகத்தான். வேறு எந்தப் பெரிய எண்ணமும் அவனுக்கு இல்லை. அவனே அப்படித்தான் சொன்னான்.

அந்தச் சில்லில் கோபால்ட் தடிமனாக இருந்தது. என் கணக்குப்படி அதற்குள் மின்னோட்டம் என்ற பேச்சே இருக்கக் கூடாது. ஆனால் குளிர்வித்து அளந்தபோது வோல்ட்மீட்டர் அசையவில்லை. தடை இல்லை! மீக்கடத்தல் கோபால்ட்டின் மறுபக்கம் போய்ச் சேர்ந்திருந்தது.

பேராசிரியர் சிரித்தார். “ஷார்ட்டு கண்ணு. எங்கியோ ஒரு ஓட்டை இருக்குது. மேல நயோபியமும் கீழ நயோபியமும் தொட்டுட்டு நிக்குது. உனக்கு என்னமோ பெரிசா கெடைச்ச மாதிரி இருக்குது, அவ்வளவுதான்.”

எங்கள் துறையில் இது தினசரி நடப்பதுதான். பத்துச் சில்லில் ஆறு ஷார்ட்டாகத்தான் போகும். ஆனால் ரஹீம் விடவில்லை.

“காந்தப்புலம் வெச்சுப் பாத்துப்போடலாங்க சார். ஷார்ட்டா இருந்தா சும்மா இழுவையா இறங்கும். நெசமான சந்தியா இருந்தா மேடு பள்ளமா ஆடும். ஒரே ஒரு ஹீலியம் குடுங்க சார்.”

அவன் கேட்டது மிகச் சரியான சோதனை. வெளிக்காந்தப் புலத்தை மெல்ல ஏற்றினால், உண்மையான சந்தியில், அதாவது காந்தப் படலத்தை ஊடுருவியே மின்னோட்டம் கடக்கும் அடுக்கில், அந்தத் தடையில்லாத மீமின்னோட்டம் கூடும், குறையும், மறுபடி கூடும். நடுவில் ஒரு பெரிய மேடு, இரண்டு பக்கமும் சின்னச் சின்ன மேடுகள். அந்த வடிவத்தை ஓட்டையால் போலி செய்ய முடியாது.

பேராசிரியர் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட கையோடு என்னைக் கூப்பிட்டார்.

“பத்மா, ஒரே ரூம்ல இருந்து ரெண்டு ரிசல்ட் வருது. ஒண்ணு கோபால்ட்ல எல்லாம் செத்துருதுன்னு சொல்லுது. ஒண்ணு சாகலைன்னு சொல்லுது. ரெண்டுலயும் என் பேர் இருக்குது. அந்தப் பையனோடது என்னன்னு முடிவாகட்டும். அப்புறம் உங்க தீசிஸ்ல கையெழுத்துப் போடறேன்.”

“சார், நிரந்தரப் பணிக்கு நேர்காணல் வருதுங்க. அதுக்குள்ள சமர்ப்பிக்கணும்...”

“ஷார்ட்னு தெரிஞ்சா அன்னைக்கே போட்டுத் தாரேன்.”

பார்த்தீர்களா? என் கழுத்தையும் அவன் சில்லையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டுப் போனார் அந்த மனிதர். அவர்மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ளலாம். பல வருடம் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். அவர் செய்தது ஓர் ஆசிரியர் செய்ய வேண்டிய எச்சரிக்கைதான். குமிழைத் திருகியது அவர் கை இல்லை.

ஹீலியம் வந்தது. குடுவை அபூர்வமாக நிறைந்து வந்தது. மறுநாள் காலையில் ஊரில் மதக் கலவரம்.

அந்தக் காலத்துக் கோவையை அறிந்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தடை உத்தரவு. டவுன்ஹால் பக்கம் கடைகள் மூடிக் கிடந்தன. கோட்டைமேட்டுக்குள் போகவும் முடியாது, அங்கிருந்து வரவும் முடியாது. பீளமேட்டில் வெயிலும் வேப்பமரமும் எப்போதும்போல இருந்தன. மாணவர்கள் வரவில்லை. நான் மொபெட்டில் போய்விட்டேன். என்னிடம் எந்தத் தெருவிலும் யாரும் பெயர் கேட்கவில்லை.

துறை அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. அவன்தான். பக்கத்து வீட்டிலிருந்து பேசினான். பின்னால் யாரோ ஒரு பெண் அழுகிற சத்தம் கேட்டது.

“அக்கா, இந்தப் பக்கம் பஸ்ஸே இல்லீங்க. தெருமுக்குல போலீஸ் நிக்குது, உடமாட்டேங்கறாங்க. அப்பா கடைய வேற அடிச்சுப்போட்டாங்களாம்...”

“ஐயோ! அப்பா எப்படி இருக்காரு?”

“வீட்டுலதான் இருக்காருங்க. ஒண்ணும் ஆகல. அக்கா... ஹீலியம் நாளைக்குத் தாங்காதுங்களே. நீங்களே அந்தச் சில்லப் போட்டுப் பாத்துருங்க. நீங்க பாத்தா நான் பாத்த மாதிரிதானுங்க.”

நீங்க பாத்தா நான் பாத்த மாதிரி... கடை உடைந்து கிடக்கிறது, வீட்டில் பெண்கள் அழுகிறார்கள், அவன் என்னிடம் இதைச் சொல்கிறான்! “சரி தம்பி, நான் பாக்கறேன்” என்றேன். அந்த நிமிடம் உண்மையாகவே சொன்னேன். இதையாவது நம்புங்கள். அல்லது நம்பாதீர்கள். எனக்கே இப்போது உறுதியில்லை.

சில்லைப் பொருத்தினேன். ஹீலியத்தை ஊற்றினேன். குழாய் வாயில் வெள்ளை ஆவி சீறியது. ஆய்வகத்தில் நான் ஒருத்திதான். பிற்பகல். மின்சாரம்கூட அன்று போகவில்லை. போயிருக்கக் கூடாதா? போகாதே என்று எத்தனை நாள் நான் கும்பிட்டுக் கேட்டும் போன மின்சாரம், அன்று போகவே இல்லை!

தாளில் பேனா தானாகக் கோடு போடும் பதிவுக்கருவி ஒன்று எங்களிடம் இருந்தது. மின்னோட்டத்தை ஓர் அளவில் நிறுத்திவிட்டு, காந்தப்புலத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெல்ல நகர்த்தினால், பேனா மேடு பள்ளத்தை வரைந்துவிடும். முதலில் ஓர் அவசர ஓட்டம் ஓட்டிப் பார்ப்போம், பிறகு நிதானமாக எடுக்கலாம் என்று நினைத்தேன். ஷார்ட்டாகத்தான் இருக்கும், சீக்கிரம் முடிந்துவிடும் என்றுதானே நினைப்பு!

பேனா ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

நான் எழுந்து நின்றுவிட்டேன். பேனா இன்னும் உயரமாக ஏறி, வளைந்து, இறங்கியது. பிறகு மறுபக்கத்தில் சின்னதாக ஒரு மேடு. அடுத்து அதைவிடச் சின்னதாக இன்னொன்று.

ஓட்டை இல்லை. ஷார்ட் இல்லை. அந்தத் தடித்த கோபால்ட்டுக்குள், எந்த இணையும் பிழைக்க முடியாது என்று நான் ஓர் ஆய்வேடு முழுக்க எழுதிவைத்திருந்த அந்தக் கோபால்ட்டுக்குள், மீமின்னோட்டம் போய்க்கொண்டிருந்தது.

இயற்பியல் படித்த ஒருத்திக்கு வாழ்நாளில் ஒரு முறை வாய்க்குமா அப்படி ஒரு நிமிடம்? வாய்த்தது. நான் அதில் மகிழ்ந்தேனா? இல்லையே! என் மனதில் ஓடியது எலெக்ட்ரான் இல்லை. தட்டச்சு செய்த தாள்கள். நேர்காணல். கல்யாண வீடுகள். ‘இன்னும் முடியலையா?’ ‘இன்னும் முடியலையா?’

கருவியை நிறுத்தினேன். தாளைக் கிழித்து எடுத்தேன். அதில் எதையும் குறிக்கவில்லை. அளவுகளை எழுதவில்லை. காந்தப்புலம் பூஜ்யமாக இருந்த இடம் எது என்றுகூடப் புள்ளி வைக்கவில்லை. நான்காக மடித்துக் கைப்பையில் திணித்தேன்.

அதோடு நின்றிருந்தால் அது வெறும் பொய். அவன் அடுத்த ஹீலியத்தில் மறுபடி அளந்து, உண்மையைக் கண்டுபிடித்திருப்பான். அதுவும் எனக்கு அப்போதே தெரிந்தது. அதனால்...

மின்னோட்டக் குமிழைப் பிடித்தேன். திருகினேன். சந்தி தாங்கக்கூடிய அளவைத் தாண்டித் திருகினேன். பிறகு கடைசிவரை திருகினேன். சத்தம் ஒன்றும் இல்லை. புகை இல்லை. வோல்ட்மீட்டரின் எண்கள் ஒரு முறை துள்ளி விழுந்தன. அவ்வளவுதான். உள்ளே இரண்டு நயோபியத்தையும் ஓரங்களில் தொடாமல் பிரித்துவைத்திருந்த காப்புப் படலம் ஓட்டையாகி, மேல் நயோபியமும் கீழ் நயோபியமும் ஒன்றாகிவிட்டன.

மறுபடி காந்தப்புலத்தை ஓட்டினேன். பேனா ஒரே இழுவையாக இறங்கியது. அந்தத் தாளில் மட்டும் எல்லா அளவுகளையும் அழகாகக் குறித்துவைத்தேன்!

வீட்டுக்குப் போய்க் கைப்பையிலிருந்த தாளை வெந்நீர் பாய்லரின் தீயில் போட்டேன். “இந்நேரத்துக்கு எதுக்கு பாய்லர்?” என்று கணவர் கேட்டார். தலைவலி, தலைக்கு ஊற்றிக்கொள்ளப் போகிறேன் என்றேன். சொன்னபடி ஊற்றிக்கொள்ளவும் செய்தேன்.

தடை உத்தரவு தளர்ந்து ரஹீம் வந்தபோது முகம் வாடியிருந்தது. கடையில் ஒரு கண்ணாடிகூட மிஞ்சவில்லையாம். அதைச் சொல்லி முடிக்கும் முன்பே, “அக்கா, சில்லு?” என்றான்.

“அது வெறும் ஷார்ட், தம்பி.”

தாளை நீட்டினேன். வெகுநேரம் பார்த்தான். “சரிங்க்கா” என்றான். ஆனாலும் சில்லைக் கேட்டு வாங்கி, டப்பாவில் பத்திரமாக வைத்துக்கொண்டான். அடுத்த ஹீலியம் வந்ததும் அதை மறுபடி அளந்தான். நான் அந்த நாள் முழுக்க வகுப்பறைகளிலேயே இருந்தேன். மாலையில் என்னைத் தேடி வந்தான்.

“அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க மேல சந்தேகப்பட்டு அளக்கலீங்க. மனசு கேக்கல, அதான். நீங்க சொன்னதே சரிங்க. ஷார்ட்டுதான்.”

என்னிடம் மன்னிப்புக் கேட்டான்! அவன்... என்னிடம்!

அப்போது சொல்லியிருக்கலாம். வாய் திறந்திருக்கலாம். ஆய்வேட்டில் கையெழுத்து வாங்கியாகிவிட்டது, ஆனால் இன்னும் சமர்ப்பிக்கவில்லை. வழி இருந்தது. நான் அவன் தோளைத் தட்டி, “ஆராய்ச்சின்னா இப்படித்தான் தம்பி” என்றேன்.

அதற்குப் பிறகு எல்லாம் தானாக நடந்தது. நிக்கலால்தான் ஓட்டை விழுகிறது, அதை நிறுத்து என்றார் பேராசிரியர். நிக்கல் இல்லாமல் செய்த சில்லுகளில் மின்னோட்டம் ஒழுங்காகச் செத்தது, என்னுடையதைப் போலவே. புதிதாக ஒன்றும் இல்லாத ஆய்வுக்கு உதவித்தொகை நீட்டிப்பு கிடைக்கவில்லை. அவன் அப்பா கடையைத் திரும்ப எடுத்துக்கட்ட முடியாமல் படுத்துவிட்டார். ரஹீம் தன் மாமாவின் பாக்கு மண்டியைப் பார்த்துக்கொள்ள மேட்டுப்பாளையம் போனான். போகும்போது ஆய்வகச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, “பம்புக்கு எண்ணெய் மாத்தணுங்க்கா, மறந்துறாதீங்க” என்றான்.

எனக்குப் பட்டம் கிடைத்தது. வேலை நிரந்தரமானது. கல்யாண வீடுகளில் ‘டாக்டர்’ என்று கூப்பிட்டார்கள். கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் எரிச்சல் வந்தது. யார்மேல் என்று தெரியாத எரிச்சல். கணவரிடம் காரணமில்லாமல் சண்டை பிடித்தேன். மாணவர்கள் சில்லை உடைத்தால் கத்தினேன். அந்தப் பதிவுக்கருவியைப் பழுது என்று சொல்லி மூலையில் தள்ளினேன். அது பழுதாகவே இல்லை.

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம். நூலகத்துக்கு வெளிநாட்டு ஆய்விதழ்கள் பல மாதம் தாமதித்துத்தான் வரும். அப்படி வந்த ஒன்றை அலமாரிக்குப் பக்கத்தில் நின்றபடியே புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டுரை. வலுவான காந்தத்துக்குள் மீக்கடத்தலின் தடயம், எட்டவே முடியாத தூரம் எட்டுவதாகத் தெரிகிறது, ஏன் என்று விளங்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். உட்கார நாற்காலி தேடினேன்.

மறுநாள் மேட்டுப்பாளையத்துக்குப் பஸ் ஏறினேன்.

மண்டி முழுக்கப் பாக்கு மூட்டைகள். ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ரஹீம் கொஞ்சம் பருத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தான்.

“வாங்கக்கா, வாங்க! ஏனுங்க, ஒரு போன் போட்டிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருப்பனே! உக்காருங்க. டீ குடிப்பீங்கல்ல?”

டீ வந்தது. நான் குடிக்கவில்லை. சொல்லிவிட்டேன். பேனா ஏறியது, தாளைக் கிழித்தது, குமிழைத் திருகியது, பாய்லர்... ஒன்றையும் விடவில்லை. சொல்லும்போது அழுதேன். அவன் அழவில்லை. கோபப்படவும் இல்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். லாரிக்காரர் ஏதோ கேட்டதற்குக் கையைக் காட்டி நிறுத்தினான்.

“ஆடுச்சுங்களா?”

“ஆடுச்சு, ரஹீம்.”

“நடுவுல பெரிய மேடு?”

“ஆமா. ரெண்டு பக்கமும் சின்னச் சின்னதா...”

அவன் முகத்தில் ஓர் ஒளி வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வந்தது! ஆய்வகத்தில் பார்த்த அதே ரஹீம். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“அந்த நடு மேடு பூஜ்யத்துலயே இருந்துச்சுங்களா, ஒரு பக்கமாத் தள்ளி இருந்துச்சுங்களா?”

நான் டீ டம்ளரைத் தள்ளிவைத்தேன்.

“தள்ளியிருந்தா கோபால்ட்டோட காந்தத்துக்குள்ள பூந்துதான் போயிருக்குதுன்னு அடிச்சுச் சொல்லிப்போடலாங்க. பூஜ்யத்துலயே இருந்திருந்தா இன்னும் சந்தேகந்தான். ஓட்டை இல்லாட்டியும் ஓரமா வேற வழியில போயிருக்கலாம். எப்படி இருந்துச்சு?”

“தெரியல.”

“நெனச்சுப் பாருங்க. இடது பக்கமா, வலது பக்கமா?”

“பூஜ்யத்த நான் குறிக்கவே இல்ல, ரஹீம். சரியா பாக்கவும் இல்ல. பயந்து நிறுத்திட்டேன்.”

அந்த ஒளி போனது. போவதை நான் பார்த்தேன். நான் குமிழைத் திருகிய அன்று வோல்ட்மீட்டரில்கூட அவ்வளவு தெளிவாக எதையும் பார்க்கவில்லை.

நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு கேட்டான். குரல் உயரவில்லை. மரியாதை குறையவில்லை.

“அப்புறம் என்னத்தச் சொல்றதுக்குங்க மேடம், இவ்வளவு தூரம் வந்தீங்க?”

மேடம்.

அவன் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் கேட்டது அதை அல்ல என்பது அப்போதுதான் புரிந்தது. அவனுக்கு என் கண்ணீர் வேண்டாம். அந்தப் பேனா வரைந்த கோடு வேண்டும். அதை நான் எரித்துவிட்டேன். என் கண்ணில் மிச்சமிருந்திருக்க வேண்டியதையும் பயத்தில் எரித்துவிட்டேன். பஸ் நிலையம்வரை ஆள் அனுப்பி வழியனுப்பிவைத்தான். கூட அவன் வரவில்லை.

சில வருடங்களில் கோட்பாடே வந்துவிட்டது. காந்தத்தின் ஓரத்தில் வேறு திசையில் திரும்பிய மற்றொரு மெல்லிய காந்தப் படலம் இருந்தால், இணையின் இரண்டு ஸ்பின்களும் ஒரே பக்கம் திரும்பிவிடுமாம். அப்படித் திரும்பிய இணையைக் கோபால்ட் பிய்ப்பதில்லை. பிய்க்க அதற்கு ஒன்றுமில்லை. வெகுதூரம் ஓட விட்டுவிடும். நிக்கல்... செம்பு... கோபால்ட். ஒட்டுவதற்கென்று ரஹீம் போட்ட நிக்கல்!

ஆக, என் ஆய்வேடும் தவறில்லை. வெறும் கோபால்ட்டில் மின்னோட்டம் சாகத்தான் செய்யும். அவன் சில்லில் அது சாகாமல் இருந்திருக்கலாம். இரண்டும் ஒரே அறையில் சேர்ந்து உயிரோடு இருந்திருக்கலாம்! நான் எதைக் காப்பாற்ற எதைக் கொன்றேன்? காப்பாற்ற வேண்டிய அவசியமே இல்லாத ஒன்றுக்காக...

‘இருந்திருக்கலாம்’ என்றுதான் எழுத முடிகிறது. கவனித்தீர்களா? கோட்பாடு வந்துவிட்டது என்பதற்காக அன்று நடந்தது அதுதான் என்று ஆகிவிடாது. சாட்சி நான் ஒருத்திதான். பொய் சொன்னதை ஒப்புக்கொண்ட சாட்சி. என்னை எந்த ஆய்விதழ் நம்பும்? நானே நம்ப மாட்டேன்.

நானே செய்து பார்க்கலாமென்று இறங்கினேன். பல வருடம். நிக்கல், செம்பு, கோபால்ட், செம்பு, நிக்கல். அவன் நிக்கலை எவ்வளவு மெல்லியதாகப் படியவைத்தான் என்று எனக்குத் தெரியாது. கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. என் சில்லுகள் ஒன்று விடாமல் ஷார்ட்டாயின. உண்மையான ஷார்ட்.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். ஓய்வுபெற்று, காது மந்தமாகி உட்கார்ந்திருந்தார். “விடும்மா, அந்தப் பையன்தான் இப்ப நல்லா இருக்கானே. மேட்டுப்பாளையத்துல சொந்த வீடு கட்டிட்டான்னு கேள்விப்பட்டேன்” என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதுதான் எல்லாவற்றிலும் அசிங்கம்.

கண்ணை மூடினால் இப்போது அந்தத் தாள் தெரிகிறது. பேனா ஏறுகிறது. நடு மேடு இடது பக்கமாகத் தள்ளியிருக்கிறது, நன்றாகத் தெரிகிறது! ஆனால் முன்பெல்லாம் அப்படித் தெரிந்ததில்லை. அவன் கேட்ட பிறகுதான் தெரிய ஆரம்பித்தது. சில நாள் வலது பக்கம் தள்ளியிருக்கிறது. பூஜ்யத்தில் மட்டும் ஒரு நாளும் இருப்பதில்லை. ஏன் இருப்பதில்லை? அவனுக்கு எது வேண்டுமோ அதை என் மனம் வரைந்துகொள்கிறது.

“ஞாபகம் வந்துருச்சு தம்பி, தள்ளித்தான் இருந்துச்சு.” இந்த ஒரு வரியை அவனிடம் போய்ச் சொன்னால் போதும். அவன் முகத்தில் மறுபடி அந்த ஒளி வரும். ஒருவேளை அக்கா என்றுகூடக் கூப்பிடுவான்.

இதைச் சொல்லிவிடுவதென்று முடிவு செய்து இரண்டு முறை மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறியிருக்கிறேன். இரண்டு முறையும் வழியிலேயே காரமடையில் இறங்கி, சாலையைக் கடந்து, கோவைக்குத் திரும்பும் பஸ்ஸுக்காக வெயிலில் நின்றேன்.

மூன்றாவது முறை ஏறினால் இறங்குவேனா... தெரியவில்லை.